நிலாவில் எடை குறைவுதானே, பிறகு ஏன் ரோவர் சக்கரம் புதைகிறது?

பெருந்துறைப் பக்கம் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "நிலாவுல எடை ஆறுல ஒரு பங்குதானுங்களே. அப்புறம் எதுக்குங்க ரோவர் சக்கரம் மண்ணுல புதையுது? அப்படியே புதைஞ்சாலும் மோட்டாருக்கு இன்னும் கொஞ்சம் பவர் குடுத்தா வெளிய வந்துராதுங்களா?" கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு அவருடைய குழு சின்ன ரோவர் (நிலா, செவ்வாய்த் தரையில் ஓடும் ஆளில்லா வண்டி) ஒன்று செய்துகொண்டிருக்கிறதாம். மணல் தொட்டியில் விட்டால் அச்சு வரை இறங்கி நின்றுவிடுகிறதாம்.

கோவையில் வாகனப் பொறியியல் பாடத்தை இருபது வருடத்துக்கு மேல் நடத்தியவன் நான். இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் நம்ம ஊர்க் காட்சி ஒன்று. கொடுமுடிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்த டிராக்டர், காவிரிக் கரை ஓரத்து மணல் தடத்தில் சிக்கிக்கொண்டது. ஓட்டியவர் சின்னப் பையன். வண்டி நகரவில்லை என்றதும் ஆக்சிலேட்டரை முறுக்கினான். பின் டயர் சுற்றியது, மணல் பின்னால் விசிறியடித்தது, டயர் ஒரு சாண் இறங்கியது. மறுபடி முறுக்கினான், இன்னொரு சாண். தென்னந்தோப்பிலிருந்து ஓடிவந்த பெரியவர், "சாமி, அதை விடு. நீ வண்டிய ஓட்டல, கெணறு வெட்டறே" என்றார். பிறகு டிரெய்லரைக் கழற்றி, டயருக்கு முன்னால் இருந்த மணலை மண்வெட்டியால் ஒதுக்கி, தென்னை மட்டைகளைப் போட்டு, டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி மெதுவாக எடுத்தார்கள். அரை மணி நேரம் ஆனது.

பெரியவர் சொன்னதுதான் இந்தத் துறையின் மையம். மணலில் நிற்கும் சக்கரத்துக்கு இரண்டு வேலை உண்டு: வண்டியைத் தாங்குவது ஒன்று, மண்ணைப் பின்னால் தள்ளி வண்டியை முன்னால் கொண்டுபோவது இன்னொன்று. மண் அந்தத் தள்ளலைத் தாங்கும் வரைதான் அது சக்கரம். மண் அறுந்து நழுவ ஆரம்பித்த பிறகு அது தோண்டும் கருவி.

மாட்டுவண்டியை நினைத்துப் பாருங்கள். அதே மணல் தடத்தில் பாரவண்டியும் புதையும், ஆனால் சுமைக்குத் தகுந்த அளவு இறங்கியதும் நின்றுவிடும். அதன் சக்கரம் தானாகச் சுற்றுவதில்லை, இழுப்பது மாடு. இன்னொரு ஜோடி மாட்டைப் பூட்டினால் வண்டி வெளியே வந்துவிடும், சக்கரம் மேலும் குழி பறிக்காது. டிராக்டரிலும் ரோவரிலும் இழுக்க வேண்டியதும் அதே சக்கரம், தாங்க வேண்டியதும் அதே சக்கரம். அதனால் புதைவு இரண்டு வகை. எடையால் வரும் புதைவு ஓரிடத்தில் நின்றுவிடும். சறுக்கலால் வரும் புதைவு, நீங்கள் நிறுத்துகிற வரைக்கும் நிற்காது.

சறுக்கல் என்பதை அளந்து சொல்லலாம். சக்கரம் சுற்றிய சுற்றுக்கு வண்டி 100 செ.மீ. போயிருக்க வேண்டும், 80 செ.மீ.தான் போனது என்றால் சறுக்கல் 20 சதவீதம். சக்கரம் சுற்றுகிறது, வண்டி அசையவே இல்லை என்றால் 100 சதவீதம். வகுப்பில் பலர் சறுக்கலே கூடாது என்று நினைப்பார்கள். தளர்ந்த மண்ணில் அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். மண் தன் முழு எதிர்ப்பைக் காட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் நகர வேண்டும். துகள்கள் ஒன்றோடொன்று உரசி, பூட்டிக்கொண்டு, அப்புறம்தான் கெட்டியாக எதிர்த்து நிற்கும். வயலில் உழும் டிராக்டரே 10, 15 சதவீதம் சறுக்கலோடுதான் நன்றாக இழுக்கும். தளர்மணலில் 20, 30 வரைகூட இழுவை கூடும். அதற்கு மேல் இழுவை ஏறுவதில்லை, குழிதான் ஆழமாகிறது.

இப்போது எடை விஷயத்துக்கு வருவோம். மண் எவ்வளவு தள்ளலைத் தாங்கும் என்பது இரண்டு பங்குகளால் ஆனது. ஒன்று, மண் துகள்களின் ஒட்டுத்தன்மை. இன்னொன்று, மேலே அழுத்தும் எடையால் துகள்களுக்கு இடையே வரும் உராய்வு. களிமண் சேற்றில் முதல் பங்குதான் பெரிது. காய்ந்த மணலில் முதல் பங்கு ஏறக்குறைய இல்லை, இரண்டாவதை நம்பித்தான் வண்டி ஓட வேண்டும். கோபிப் பக்கம் நெல் வயலில் சேற்றுழவுக்குப் போகும் டிராக்டரில் கேஜ் வீல் என்ற அகலமான இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுகிறார்கள். அங்கே எடையைக் கூட்டினால் இழுவை கூடாது, வண்டி இன்னும் ஆழமாகத்தான் போகும். பரப்பைக் கூட்டினால்தான் பிழைப்பு. அதே டிராக்டர் காய்ந்த நிலத்தில் உழும்போது பின் சக்கரத்தில் வார்ப்பிரும்பு எடை மாட்டுவதும், டயருக்குள் தண்ணீர் ஏற்றுவதும் உண்டு. அங்கே எடைதான் பிடிப்பு.

நிலா மண் இந்த இரண்டில் மணல் கட்சி. ஒட்டுத்தன்மை மிகக் குறைவு, உராய்வுக் கோணம் சுமார் 35 பாகை. அதாவது சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை இருக்கிறதோ, அதில் சுமார் பத்தில் ஏழு பங்கு அளவுக்குத்தான் மண் கிடைமட்டத் தள்ளலைத் தாங்கும். சந்திரயான்-3 கொண்டுபோன பிரக்யான் ரோவரின் நிறை 26 கிலோ, சக்கரம் ஆறு. நிலாவில் அதன் எடை இங்கே 4.3 கிலோ தூக்குவதற்குச் சமம். ஒரு சக்கரத்துக்கு முக்கால் கிலோவுக்கும் குறைவு, ஒரு சொம்புத் தண்ணீர் அளவு. அந்தச் சொம்பு எடையில் பத்தில் ஏழு பங்குதான் ஒரு சக்கரத்துக்குக் கிடைக்கும் அதிகபட்சத் தள்ளுவிசை. எடை குறைந்ததால் புதைவு குறைந்தது உண்மைதான் தம்பி. அதே அளவுக்குப் பிடிப்பும் குறைந்துவிட்டது.

சரிவில் ஏறும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். வண்டியைக் கீழே இழுப்பது ஈர்ப்பின் ஒரு பங்கு, பிடிப்பைத் தருவது அதே ஈர்ப்பின் இன்னொரு பங்கு. ஈர்ப்பு ஆறில் ஒன்றானால் இரண்டுமே ஆறில் ஒன்றாகும். இங்கே ஏற முடியாத மணல் சரிவில் நிலாவிலும் ஏற முடியாது. செவ்வாயிலும் இதே கணக்குதான். போதாக்குறைக்கு, குழியின் ஓரத்து மண்ணை இடத்தில் அமுக்கி வைத்திருப்பதும் மண்ணின் சொந்த எடைதானே. அதுவும் அங்கே லேசு.

மோட்டாருக்கு ஏன் பவர் கூட்டிப் பலனில்லை என்பது இப்போது விளங்கும். மண் தாங்கும் விசைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதை மண்ணும் எடையும் தீர்மானிக்கின்றன. மோட்டார் அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் மண்ணை வெட்டத்தான் போகும்.

இதைக் கண்ணால் பார்க்க வைத்த சோதனை ஒன்றைச் சொல்கிறேன். பழைய மீன் தொட்டி ஒன்றில் காய்ந்த மணலைப் போட்டு, ஒவ்வொரு விரற்கடை உயரத்துக்கும் கண்ணாடி ஓரமாக மெல்லிய கோடாக வெள்ளைக் கோலப்பொடியைத் தூவினோம். பக்கத்திலிருந்து பார்த்தால் மணலுக்குள் படுக்கைக் கோடுகள் தெரியும். 15 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒன்றைக் கண்ணாடியை ஒட்டி வைத்து மெதுவாகச் சுற்ற விட்டோம். சறுக்கல் கொஞ்சமாக இருந்தபோது சக்கரத்துக்கு முன்னால் இருந்த கோடுகள் முன்பக்கமாக மேலே வளைந்தன, அடியிலும் பின்னாலும் இருந்தவை பின்பக்கமாக வளைந்தன. மண் இரண்டு திசையாகப் பிரிந்து ஓடியது. பிறகு வண்டியைக் கயிற்றால் பிடித்து நிறுத்திச் சக்கரத்தை மட்டும் சுற்ற விட்டோம். முன்பக்க ஓட்டம் மறைந்துவிட்டது. எல்லாக் கோடுகளும் அடியில் நுழைந்து பின்னால் போய்க் குவிந்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரம் தான் நிற்கும் தரையையே உருவிப் பின்னால் போட்டது. அசையாமல் வைத்தபோது ஒரு செ.மீ.தான் இறங்கியிருந்த சக்கரம், ஏழெட்டுச் சுற்றில் அச்சைத் தொட்டுவிட்டது. அன்றைக்கு அந்தக் கண்ணாடியில் பார்த்த வெள்ளைக் கோடுகளை, நான் கரும்பலகையில் எழுதிய எந்தச் சமன்பாட்டை விடவும் பசங்கள் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்குகளுக்கு அடித்தளம் போட்டவர் போலந்தில் பிறந்த பெக்கர். சாலை இல்லாத நிலத்தில் வண்டி எப்படி ஓடும் என்பதைத் தனித் துறையாகவே 1950-களில் வளர்த்தெடுத்தவர். பிறகு அப்பல்லோ நிலா வண்டியின் வடிவமைப்பிலும் பங்கேற்றார். 1971-ல் அப்பல்லோ 15-ல் முதலில் போன அந்த வண்டிக்கு ரப்பர் டயர் கிடையாது. துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பிகளால் பின்னிய வலைச் சக்கரம், அதன்மேல் அம்புக்குறி வடிவில் டைட்டானியப் பட்டைகள். சுமை ஏறினால் வலை கொஞ்சம் அமுங்கும், மண்ணைத் தொடும் பரப்பு நீளும். கொடுமுடியில் டயர் காற்றை இறக்கியதற்கும் அதே காரணம்தான். பெக்கரின் கணக்கிலிருந்து கிடைக்கும் இன்னொரு பாடம்: சக்கரத்தை அகலமாக்குவதை விட, விட்டத்தைப் பெரிதாக்குவது அதிகப் பலன் தரும். விட்டம் சின்னதாகவும் அகலம் பெரிதாகவும் உள்ள சக்கரம் முன்னால் மண்ணை மேடாக்கி, புல்டோசர் போலத் தள்ளிக்கொண்டே போகும். ஆளுயரச் சக்கரம் வைத்த நம் பழைய பாரவண்டி ஆசாரிகளுக்கு இது கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது.

இதில் கொங்கு நாட்டுக்கு நேரடிப் பங்கு ஒன்று இருக்கிறது. அதை நம் பிள்ளைகளே பலர் அறிந்திருக்கவில்லை என்பது எனக்கு வருத்தம். நிலாவின் மேட்டுநிலப் பகுதிகளில் அனார்த்தோசைட் என்ற பாறைதான் அதிகம். அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர் துணையோடு அந்தப் பாறையை எடுத்து, உடைத்து, நிலா மண்ணின் துகள் அளவுக்கு அரைத்து, சுமார் 50 டன் இஸ்ரோவுக்குப் போனது. தரையிறங்கும் கலமான லேண்டரும் ரோவரும் நிலாத் தரையைத் தொடுவதற்கு முன்பே நாமக்கல் மண்ணில் பழகியிருந்தன.

ஆற்று மணலையே போட்டுச் சோதித்திருக்கலாமே என்று தோன்றலாம். கொத்தனாரிடம் எம்-சாண்டையும் ஆற்று மணலையும் கொடுத்துக் கேளுங்கள், கையில் அள்ளினாலே வித்தியாசம் சொல்லுவார். ஆற்று மணல் தண்ணீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. எம்-சாண்ட் உடைத்த கல், முனை கூர்மையாக இருக்கும். நிலாவில் ஓடும் தண்ணீரும் இல்லை, வீசும் காற்றும் இல்லை. விண்கல் மோதி உடைந்த துகள்கள் உடைந்தபடியே கூராகக் கிடக்கின்றன, நடுவே மோதல் வெப்பத்தில் உருகி ஒட்டிய கண்ணாடித் துணுக்குகளும் உண்டு. மேலே சில செ.மீ. தளர்வான தூள், அடியில் நன்றாக இறுகிப்போன அடுக்கு. துகளின் வடிவம் மாறினால் உராய்வுக் கோணம் மாறும், கோணம் மாறினால் இழுவை மாறும். அதனால்தான் சித்தம்பூண்டிப் பாறையை அரைக்க வேண்டியிருந்தது.

2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய பிரக்யான், நொடிக்கு 1 செ.மீ. வேகத்தில் 100 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நகர்ந்தது. ஆகஸ்ட் 27 அன்று 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் விட்டமுள்ள பள்ளம் ஒன்றைக் கண்டதும், வந்த வழியே திரும்பி வேறு பாதையில் போகச் சொன்னார்கள். சரிவில் இறங்கிப் பார்க்கலாம் என்று யாரும் ஆசைப்படவில்லை. அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

செவ்வாயில் சிக்கிய நாசாவின் இரண்டு ரோவர்களின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். 2005 ஏப்ரல் 26 அன்று ஆப்பர்ச்சுனிட்டி சுமார் 90 மீட்டர் பயணத்தில் பாதி போவதற்குள், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு மணல் மேட்டில் சிக்கியது. ரோவருக்கு அது தெரியவில்லை. சக்கரம் சுற்றிய கணக்கை வைத்து நாம் போய்க்கொண்டிருக்கிறோம் என்று நம்பி, மீதித் தொலைவுக்கும் சுற்றிக்கொண்டே இருந்தது. பூமியில் பார்த்தபோது சக்கரங்கள் மணலுக்குள் கிடந்தன. ஆய்வுக்கூடத்தில் அதேபோன்ற மண் கலவை தயாரித்து, மாதிரி ரோவரைப் புதைத்து, எடுத்துப் பழகினார்கள். பிறகு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வைத்தார்கள். வெளியே வந்தது ஜூன் 4 அன்று. அதற்குள் சக்கரங்கள் சுற்றிய சுற்று 192 மீட்டருக்குச் சமம், ரோவர் நகர்ந்தது ஒரு மீட்டருக்கும் குறைவு. சறுக்கல் 99 சதவீதத்துக்கு மேல்!

இது நான் மேலே சொன்னதற்கு மாறாகத் தெரியலாம். வித்தியாசம் எங்கே என்றால், ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் நிறுத்தி, படம் எடுத்து, ரோவர் இறங்குகிறதா நகர்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த கட்டளை போனது. ஆறு சக்கரமும் வேலை செய்தன, வயிறு தரையில் தட்டவில்லை. கண்மூடிச் சுற்றியபோது சிக்கியது, கணக்குப் பார்த்துச் சுற்றியபோது வந்தது. அதற்குப் பிறகு, படங்களை ஒப்பிட்டு உண்மையில் எவ்வளவு நகர்ந்தோம் என்று பார்த்து, சறுக்கல் வரம்பு மீறினால் தானே நின்றுவிடும்படி அதன் ஓட்டம் மாற்றப்பட்டது.

ஸ்பிரிட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2006-லேயே அதன் வலது முன் சக்கரம் நின்றுவிட்டது. செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டு பின்னோக்கியே ஓட்டினார்கள். அந்தச் சக்கரம் உழுத சாலில்தான் 2007-ல் சிலிக்கா நிறைந்த வெள்ளை மண் வெளிப்பட்டது, அங்கே ஒரு காலத்தில் வெந்நீரோ நீராவியோ இருந்திருக்க வேண்டும் என்பதற்கான பெரிய சான்று. 2009-ல் அது ஒரு பொருக்குத் தரைமேல் போனது. மேலே ஓடுபோல் கெட்டி, அடியில் சல்பேட் நிறைந்த பொலபொலவென்ற மண். பொருக்கு உடைந்தது, சக்கரங்கள் இறங்கின. எடுக்க முயன்றபோது வலது பின் சக்கரமும் போயிற்று. 2010 ஜனவரியில், இனி இது நகராது என்று அறிவித்தார்கள். குளிர்காலத்துச் சூரியனை நோக்கிச் சாய்ந்து நிற்க முடியாததால் மின்சாரம் குறைந்தது. மார்ச் 22-க்குப் பிறகு அதனிடமிருந்து செய்தி இல்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் மனது கனக்கும்.

பொருக்குத் தரை நமக்கும் புதிதல்ல. மழை பெய்து காய்ந்த ஏரிப் படுகையில் மேலே வெடித்த ஓடு கெட்டியாகத் தெரியும், பைக்கை விட்டால் அடியில் சேறு. தரையின் தோற்றத்தை வைத்து அதன் பலத்தைச் சொல்ல முடியாது. ரோவர் ஓட்டுபவர்களுக்குப் பாறையைவிட வழவழப்பான மணலைக் கண்டால்தான் பயம்.

புதைந்த பிறகு எடுக்க இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. 2021-ல் செவ்வாயில் இறங்கிய சீனாவின் சூரோங் ரோவரின் தொங்கலமைப்பை (சஸ்பென்ஷன்) மோட்டாரால் அசைக்கலாம். சில சக்கரங்களை நிறுத்தி வைத்து, மற்றவற்றை மட்டும் முன்னால் நகர்த்தி, உடம்பை இழுத்து, மறுபடி இவற்றை நிறுத்தி அவற்றை நகர்த்துவது. புழு ஊர்வது மாதிரி. நிற்கும் சக்கரம் சுற்றுவதில்லை, அதனால் அதன் அடியிலுள்ள மண் அறுவதில்லை. சுற்றும் சக்கரத்தை விட அது நன்றாக ஊன்றிக்கொள்ளும்.

இனி உங்கள் ரோவருக்கு வருகிறேன். போட்டித் தொட்டியில் என்ன மணல் போடுவார்கள் என்று கேட்டு, அதே மணலை ஒரு தட்டில் மேலிருந்து கூம்பாகக் கொட்டி, சரிவின் கோணத்தை அளந்துகொள்ளுங்கள். உங்கள் ரோவர் ஏறக்கூடிய சரிவுக்கு அதுவே மேல் எல்லை, நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது. சக்கரம் வழவழப்பாக இருந்தால் பற்கள் வையுங்கள். உலோகத்துக்கும் மணலுக்கும் இடையே உள்ள உராய்வு மணலுக்கும் மணலுக்கும் இடையே உள்ளதை விடக் குறைவு. பல் இருந்தால் மணல் மணலோடுதான் அறுந்தாக வேண்டும். பற்களை நெருக்கி வையுங்கள், எந்த நேரத்திலும் இரண்டு பல்லாவது மண்ணுக்குள் இருக்கட்டும். இடைவெளி அதிகமானால் ஒரு பல் வெளியேறி அடுத்தது ஊன்றுவதற்குள் சக்கரத்தின் வெறும் வளையம் மண்ணை முன்னால் தள்ளிவிடும். ஆறு சக்கரத்திலும் எடை சமமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பாருங்கள். பேட்டரியைப் பின்னால் போட்டுவிட்டு முன் சக்கரம் சறுக்குகிறது என்று புலம்பும் குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மோட்டார் சுற்றை மட்டும் வைத்துத் தொலைவு கணக்கிடாதீர்கள். சுமை ஏற்றாத ஒரு சின்னச் சக்கரத்தைப் பின்னால் இழுத்துவரும்படி பொருத்துங்கள். அதற்கு மோட்டார் கிடையாது, வண்டி நகர்ந்தால்தான் அது உருளும். இரண்டு எண்ணிக்கையையும் ஒப்பிட்டுச் சறுக்கல் 40 சதவீதத்தைத் தாண்டிய நொடியில் மோட்டாரை நிறுத்தச் சொல்லி எழுதுங்கள். நின்றபின் திருப்ப வேண்டாம், வளைக்க வேண்டாம். வந்த தடம் ஏற்கெனவே உங்கள் சக்கரங்கள் மிதித்து இறுக்கிய மண். அதிலேயே நேராகப் பின்வாங்கி, வேறு பாதை பாருங்கள்.